பத்துக்குப் பத்து ஹாலில் ஒரு பாய்மரப் படகு

"இது வீடா, வாடியா?"

அம்மா இப்படிக் கேட்டது 2025 மே மாதம், ஒரு மத்தியான நேரம். அப்போது எங்கள் ஹாலில் எட்டடி நீளத்துக்கு ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. டிவி சமையலறைக்குக் குடிபோயிருந்தது. தாத்தாவின் கட்டில் சுவரோரமாக செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. தாத்தா படகுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். (இது கோரைப்பாய். இன்னொரு பாய் பின்னால் வரும்.)

கேட்டது நியாயமான கேள்விதான். படகு கட்டுகிற இடம், வலை காய்கிற இடம், மீன் கொட்டுகிற இடம் எல்லாம் வாடி. வாடி இருக்க வேண்டிய இடம் கடற்கரை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போக இருபது நிமிஷம் ஆகும்.

முன்பெல்லாம் அப்படி இல்லையாம். தாத்தா வீட்டு வாசலைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். மரம் கட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று யாரும் டேப் வைத்து அளந்ததில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடு போனது. அப்போது எனக்கு ஒரு வயது. அதற்கப்புறம் கடலை விட்டுத் தள்ளி எங்களுக்குக் கிடைத்ததுதான் இப்போதைய கான்கிரீட் வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. வாசலில் மூன்றடிச் சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். குறை சொல்லவில்லை. மழை ஒழுகாத வீடு. ஆனால் ஒரு படகுக்காரக் குடும்பத்தை இந்த வீட்டில் வைத்தால், படகைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்.

சரி, பி.காம். படிக்கிற பையனுக்குப் படகு கட்டும் ஆசை எங்கிருந்து வந்தது? வேலை இல்லாததால்தான் :-)

எங்கள் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்பா லாஞ்சில் போகிறவர், ஆகவே அவரும் வீட்டில். எனக்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஒரு வீடியோவில் ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் பாய்மரப் படகைப் பார்த்தேன்.

அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊரில், பிள்ளைகளுக்கு மலிவாக ஒரு படகு வேண்டுமென்று கிளார்க் மில்ஸ் என்ற படகுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். நிபந்தனை இதுதான்: ஐம்பது டாலருக்குள் முடிய வேண்டும். அவர் எட்டுக்கு நாலு பிளைவுட் இரண்டு ஷீட்டில் அடங்குகிற மாதிரி வரைந்து கொடுத்தார். கூரான மூக்கு வைக்க பலகை நீளம் பத்தவில்லை என்பதால் மூக்கைச் சதுரமாக வெட்டிவிட்டார். பார்க்க மாவு பிசைகிற தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் உலகம் முழுக்க பாய்மரப் பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் சின்ன வயதில் ஏறிய தொட்டி அதுதான். 2.36 மீட்டர் நீளம், சுமார் 1.1 மீட்டர் அகலம், 35 கிலோ. எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. உள்ளே அடங்கும்!

வகுப்புத் தோழன் ஒருவனிடம் சொன்னேன். "கட்டுவே சரி, வெளிய எப்படிடா கொண்டு வருவே?" என்றான். அந்தக் கேள்விக்கு அவனுக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன்.

ஏனென்றால் அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்தேன். வாசல் அகலம் இரண்டரை அடி. படகைப் பக்கவாட்டில் சாய்த்தால் வாசலில் நுழையும். ஆனால் வெளியே மூன்றடிச் சந்தில் திரும்ப வேண்டுமே? நம்பிக்கை வரவில்லை. பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து ஒட்டி, முழு அளவில் ஒரு அட்டைப் படகு செய்தேன். நானும் தம்பியும் அதைத் தூக்கி வெளியே கொண்டுபோனோம். பாதி வெளியே, பாதி உள்ளே, மூக்கு எதிர்வீட்டுச் சுவரில். மேலே தூக்கினால் நிலைப்படி தடுத்தது. அட்டை என்பதால் மடங்கியது. பலகை மடங்காது.

வீட்டுக்குள் படகு கட்ட நினைக்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். முதலில் அட்டையில் செய்யுங்கள். ரூம் அளவை மட்டும் பார்த்தால் போதாது. ரூமிலிருந்து தெரு வரைக்கும் வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த இடத்தின் அளவுதான் உங்கள் படகின் அளவு.

தீர்வு ஏற்கனவே இருந்தது. பெரிய பாய்மரக் கப்பல்களில் நீண்ட தூரம் போகிறவர்கள், டெக்கில் இடம் இல்லாததால் இரண்டு துண்டாகப் பிரிகிற சின்னப் படகுகளை வைத்துக்கொள்கிறார்கள். முன்பாதி குறுகல், பின்பாதி அகலம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைக்கலாம், நம் வீட்டு டிபன் டப்பா மாதிரி. கட்டும் விதம் வேடிக்கையானது. படகின் நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைப்பதற்குப் பதிலாக இரண்டு தடுப்புகளை, ரம்பப் பல் அளவு இடைவெளி விட்டு, பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். முழுப் படகையும் கட்டி முடித்தபின் அந்த இடைவெளியில் ரம்பத்தை விட்டு படகை இரண்டாக அறுத்துவிட வேண்டும். அப்புறம் தேவைப்படும்போது போல்ட் போட்டு இணைக்கலாம்.

தாத்தாவிடம் சொன்னேன். "கட்டுன படகை எவன்டா அறுப்பான்?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் மூன்று ஷீட் (இரட்டைத் தடுப்புக்காக ஒன்று கூடுதல்): 7,200 ரூபாய். எபாக்சி ரெசினும் ஹார்ட்னரும்: 2,900. கண்ணாடி இழை நாடா: 850. செப்புக் கம்பி: 420. மூங்கில், தார்பாலின், கயிறு, போல்ட்: 1,130. மொத்தம் 12,500. முதலீடு: டியூஷன் எடுத்துச் சேர்த்தது 9,000, அப்பாவிடம் கடன் 3,500. வட்டி இல்லை. பேச்சு உண்டு.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம் அது. 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது சோதனை. நான் ஒரு சின்னத் துண்டை அம்மாவின் இட்லிப் பானையில் போட்டு நாலு மணி நேரம் கொதிக்க வைத்தேன். பலகை பாஸ். நான் ஃபெயில். இரண்டு நாள் இட்லி கிடையாது.

இனி தையல். ஆமாம், படகுக்குத் தையல்தான். 1963-ல் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' பத்திரிகை தன் பெயரிலேயே மிரர் என்ற படகை வெளியிட்டது. ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளரும், டிவியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்துப் பிரபலமான பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. பலகைகளின் ஓரத்தில் ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து முறுக்கி, அந்த மூட்டின் மேல் கண்ணாடி இழை நாடாவை ரெசின் விட்டு ஒட்டிவிட வேண்டும். ஆசாரி வேலை தெரியாதவர்களும் கார் ஷெட்டில் கட்டினார்கள். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. நானும் அதே முறைதான்.

நான் ஓட்டை போட்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது தாத்தா எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "மசூலாவையா தைக்கிற?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மசூலா நம் சோழமண்டலக் கரையின் பழைய படகு. ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைப்பார்கள். மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பல்கள் தள்ளி நின்றுகொள்ள, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாதான். ஆணி அடித்த படகு நம் கரையில் அலை அடித்துத் தரையில் மோதினால் விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆக, இங்கிலாந்துக்காரன் 1963-ல் செப்புக் கம்பியால் தைத்ததை நம்மூரில் எத்தனையோ தலைமுறையாக நாரால் தைத்திருக்கிறார்கள். நான் வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டு பீற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து தாத்தா வேலைக்கு வந்துவிட்டார். கூலி: வெற்றிலை.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். காசை மிச்சம் பிடிக்க நினைத்து, முதலில் ஃபைபர் படகு ரிப்பேருக்குப் பயன்படுத்திய பாலியஸ்டர் ரெசின் மிச்சத்தை வாங்கி ஒரு மூட்டில் பூசினேன். நாலு நாள் கழித்து நகத்தால் நெம்பினால் நாடா அப்படியே உரிந்து வந்தது. பாலியஸ்டர் ஃபைபரோடு ஃபைபராக நன்றாக ஒட்டும், மரத்தோடு அவ்வளவாக ஒட்டாது. மரத்துக்கு எபாக்சிதான். அந்த எபாக்சியையும் மே மாத வெயிலில் ஒரு டம்ளர் நிறையக் கலந்துவிட்டேன். ரெசின் இறுகும்போது சூடாகும். ஒரே இடத்தில் நிறைய இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். டம்ளர் புகைந்து, உருகி, தரையில் ஒட்டிக்கொண்டது. அந்த டம்ளரின் அடி இன்னும் எங்கள் ஹாலில் ஒரு நினைவுச் சின்னமாக இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலை நேரம் நல்லது.

ஜூன் முதல் வாரம் படகை அறுத்தோம். கை நடுங்கியது. ரம்பத்தை அப்பா வாங்கி அவரே அறுத்தார். இரண்டு பாதியும் தனித்தனியாக நின்றபோது தாத்தா சிரித்தார். "இதுக்கா இவ்வளவு நாளு? பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறதுன்னா அது கட்டுமரம்டா."

நான் இதுவரை கட்டுமரத்தை அப்படி யோசித்ததே இல்லை. அது ஏழை ஆளின் படகு, பலகை வாங்கக் காசில்லாதவர்கள் நாலு கட்டையைக் கட்டிக்கொண்டு போனது என்றுதான் மனதில் இருந்தது. தாத்தா உட்கார்ந்து விளக்கினார். லேசான மரம் வேண்டும், அப்போதுதான் மிதக்கும். ஆனால் லேசான மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் கனக்கும். ஆகவே கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கட்டையாக மணலில் போட்டுக் காய வைக்க வேண்டும். அவிழ்த்தால்தான் ஆட்கள் தோளில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோக முடியும். எங்கள் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது, நங்கூரம் போட்டு நிறுத்த இடம் இல்லை, அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அலை மேலே விழுந்தாலும் கட்டைக்கு நடுவே தண்ணீர் வடிந்துவிடும். மூழ்க அதில் உள்ளே இடமே இல்லை. மூன்று மரம் கட்டினால் ஒருவருக்கு, கூட்டிக் கட்டினால் நாலு பேருக்கு. கோலா மீன் பருவத்துக்குத் தனியாகப் பெரிய மரம். தேவைக்கு ஏற்ப படகின் அளவை மாற்றலாம்! துறைமுகமும் ஷெட்டும் இல்லாத கரைக்கு இதைவிடப் பொருத்தமான படகு எது? வசதியில்லாததால் அப்படிக் கட்டவில்லை. யோசித்துத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆய்வில் கட்டுமரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு போய் 'கேட்டமரான்' ஆக்கினார்கள். இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் கொண்ட விலை உயர்ந்த படகுகள். அவற்றில் கட்டுவதும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை.

தாத்தாவின் கட்டுமரம் சுனாமியில் போனது. ஒரே ஒரு கட்டைதான் திரும்பக் கிடைத்தது. எங்கள் வாசலில் பெஞ்சு மாதிரி கிடக்கும். தெருப் பெண்கள் அதில் உட்கார்ந்துதான் பேன் பார்ப்பார்கள். நிவாரணமாக ஊருக்கு வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இன்ஜின் வைத்தவை. தாத்தா அதில் ஏறவில்லை. அதற்கப்புறம் கடலுக்கே போகவில்லை.

படகு தயார் என்றதும்தான் நிஜமான பிரச்சினை வந்தது. அதுவரை கிண்டலோடு நிறுத்திக்கொண்ட அம்மா, அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொன்னார்: "கடலுக்குப் போகக் கூடாதுன்னுதானேடா உன்ன காலேஜுல சேத்தோம்."

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் அம்மாவுக்குப் போனவர்கள் இரண்டு பேர். அம்மா இன்றுவரை கடற்கரைப் பக்கம் போனதில்லை. மாசி மகத்துக்குக்கூட. நான் ஹாலை ஆக்கிரமித்ததற்காக அம்மா திட்டுகிறார் என்று ஒன்றரை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த ஒன்றரை மாதமும் ஹாலில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் தாத்தாதான் பேசினார். "ஆத்துல மட்டும். நானும் கூடப் போறேன்." அம்மா ரொம்ப நேரம் கழித்து, "லைஃப் ஜாக்கெட் போடணும்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஜூன் இரண்டாவது வாரம், ஒரு குட்டியானையில் இரண்டு பாதிகளையும் ஏற்றி அரசலாற்றுக்குக் கொண்டுபோனோம். நான் காலையிலேயே போகலாம் என்றேன். தாத்தா விடவில்லை. காலையில் அடிப்பது கரைக்காற்று, கச்சான். அது படகைக் கடல் பக்கம் தள்ளும். பழகாத படகை அந்தக் காற்றில் இறக்கினால் முகத்துவாரம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். மத்தியானம் கடல்காற்று வரும், அது ஊர்ப் பக்கம் தள்ளும். பாய் வைத்து மீன் பிடித்த காலத்தில் இதுதான் டைம்டேபிள். விடிவதற்கு முன் கரைக்காற்றில் போவது, மத்தியானம் கடல்காற்றில் திரும்புவது. டீசல் செலவு பூஜ்யம். தடைக்காலத்தில்கூட இன்ஜின் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு என்பதை அன்றுதான் கவனித்தேன்.

நான் போல்ட் போட்டு முடுக்கினேன். தாத்தாவுக்கு போல்ட் மீது நம்பிக்கை இல்லை. மேல் விளிம்பில் ஓட்டை போடச் சொல்லி, நைலான் கயிற்றை விட்டு, காலால் உதைத்து இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஏதோ ஒரு கட்டுக் கட்டினார். சீட்டுக்கு அடியில் காலி தண்ணீர் கேன்கள், கவிழ்ந்தாலும் மிதப்பதற்கு. மூங்கில் பாய்மரம், மூங்கில் பருமல், நீலத் தார்பாலின் பாய். (இந்தப் பாயைத்தான் சொன்னேன்.)

காற்று வந்தது. நான் தாமானைப் பிடித்து இழுத்தேன். பாய் புடைத்தது. சத்தமே இல்லாமல் படகு நகர்ந்தது. அப்பாவின் லாஞ்சில் இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை எனக்கு. இதில் தண்ணீர் பலகையில் உரசுகிற சத்தம் மட்டும். பத்து நிமிஷம் நான்தான் கொலம்பஸ். அதற்கப்புறம் திரும்பி வர வேண்டுமே?

காற்றுக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. குறுக்காக இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் நாணலில் போய்ச் செருகினேன். போல்ட் ஓட்டை ஒன்றில் தண்ணீர் வேறு கசிந்தது. பெயின்ட் டப்பாவால் இறைத்துக்கொண்டே தாத்தாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன். நடுப்பலகையை முழுசாக இறக்கச் சொன்னார். என்னை முன்னால் நகரச் சொன்னார். பாயைக் கொஞ்சம் தளர்த்தினார், அப்புறம் இழுத்தார். படகு சாய்ந்தது, பிடித்துக்கொண்டது, ஏறியது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது அவர் பாய்க்கயிற்றைத் தொட்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. கரைக்கு வந்ததும் "மூக்கு சரியில்ல, தண்ணிய இடிக்குது" என்றார். அதோடு வெற்றிலை கேட்டார்.

இப்போது படகு தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக, நாலடி நீளத்தில். கட்டில் காலுக்கெல்லாம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். டிவி திரும்ப ஹாலுக்கு வந்துவிட்டது. அப்பாவின் கடனில் 1,500 பாக்கி.

ஒன்றுதான் இன்னும் மீதி இருக்கிறது. அன்று தாத்தா போட்ட கட்டை என்னால் திரும்பப் போட முடியவில்லை. இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார், இரண்டு முறையும் நான் போட்டது நழுவியது. மூன்றாவது முறை அவர் கையே கொஞ்சம் தடுமாறியது, "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். போல்ட்டை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்தக் கட்டு அவர் கையில் மட்டும்தான் இருக்கிறது. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் அதைப் பார்த்துப் போட்டாலும் நழுவுகிறது.

இன்று சாயங்காலம் கயிற்றை எடுத்துக்கொண்டு வாசல் கட்டையில் போய் உட்கார வேண்டும். காஸ்ட் அக்கவுன்டிங் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.